கதை முந்தியதா, கல் முந்தியதா?

வாசகர் கேள்வி, 2023 பிப்ரவரி 11

தொன்மத்திலிருந்து ஒரு கட்டடம் பிறந்தது என்று சொல்லும்போது உண்மையில் எதைச் சொல்கிறோம்? அங்கோர் வாட் மேரு மலை, கொனாரக் சூரியனின் தேர், பாபேல் கோபுரம் மனித ஆணவம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கிவிடுகிறார்கள். கட்டியவர் மனத்தில் அந்தக் கதை இருந்ததா, பார்த்தவர்கள் பின்னாளில் ஒட்டவைத்தார்களா என்று பிரித்தறிய வழி உண்டா?

2023 பிப்ரவரி 11, இரவு

வழி இருக்கிறது. அதைக் கையில் எடுத்தால் நமக்குப் பிடித்த பல கதைகளைக் கைவிட நேரிடும், அவ்வளவுதான்.

ஏதென்ஸில் எரெக்தியோன் கோயிலின் தெற்கு மண்டபத்தில் தூண்களுக்குப் பதிலாக ஆறு பெண்ணுருவங்கள் கூரையைத் தலையில் தாங்கி நிற்கின்றன. (இன்று அங்கே நிற்பவை நகல்கள். அசலில் ஐந்து ஏதென்ஸ் அருங்காட்சியகத்திலும் ஒன்று லண்டனிலும் இருக்கின்றன.) இத்தகைய உருவங்களுக்கு விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் ஒரு காரணக் கதை எழுதிவைத்தார். காரியே என்னும் ஊர் பாரசீகரோடு சேர்ந்துகொண்டதாம். அதற்குத் தண்டனையாக ஆண்கள் கொல்லப்பட்டுப் பெண்கள் அடிமைகளாக்கப்பட்டார்களாம். அந்த அவமானம் என்றைக்கும் மறவாதிருக்க அவர்களைச் சுமைதாங்கிகளாகக் கல்லில் வடித்தார்களாம். எல்லாம் பொருந்துகிறது, காலக்கணக்கைத் தவிர. டெல்ஃபியில் சிஃப்னோஸ் தீவினர் கட்டிய கருவூலத்தில் இதே போன்ற பெண்ணுருவத் தூண்கள் கி.மு. 525 வாக்கிலேயே நின்றன. பாரசீகப் படை கிரேக்கத்துக்குள் வந்தது அதற்கு ஒரு தலைமுறை கழித்து. எரெக்தியோனின் கட்டுமானக் கணக்குக் கல்வெட்டுகளோ அவ்வுருவங்களைக் ‘கன்னியர்’ என்று மட்டுமே குறிக்கின்றன.

பாபேலும் அப்படித்தான். பாபிலோனில் எடெமனான்கி என்ற படிக்கோபுரம் நின்றது. அதன் அடிப்பக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 91 மீட்டர். கல் கிடைக்காத அந்தச் சமவெளியில் சுட்ட செங்கல்லையும் நிலக்கீலையும் கொண்டு கட்டினார்கள். விவிலியக் கதையிலும் கல்லுக்குப் பதில் செங்கல், சாந்துக்குப் பதில் நிலக்கீல் என்றே வருகிறது. கட்டுமானப் பொருளை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் கதையை அத்தகைய கோபுரத்தைக் கண்டவர்கள்தாம் சொல்லியிருக்க முடியும்.

ஜாவாவில் பிரம்பனான் கோயில்களைப் பற்றிய கதையில், ஓர் இளவரசி தன்னை மணக்க விரும்பியவனிடம் ஒரே இரவில் ஆயிரம் கோயில்கள் கட்டச் சொல்கிறாள். அவன் பூதங்களை ஏவி 999 கோயில்களைக் கட்டிவிட, அவள் ஊர்ப் பெண்களை எழுப்பி நெல் குற்றவைத்துப் பொய்யாக விடியலைக் காட்டுகிறாள். பூதங்கள் ஓடிவிடுகின்றன. சினந்த அவன் அவளையே ஆயிரமாவது சிலையாக்கிவிடுகிறான். அந்தச் சிலை சிவன் கோயிலின் வடக்கு அறையில் இருக்கும் துர்க்கை. 9ஆம் நூற்றாண்டில் கட்டியவர்கள் யார் என்பதே மறந்துபோன பிறகு, இடிபாடுகளுக்கு நடுவில் வாழ்ந்தவர்கள் சொல்லிக்கொண்ட கதை இது என்பது என் கருத்து.

ஆகவே என் விடை: கல் முந்தியது, கதை பிந்தியது.

2023 பிப்ரவரி 12

ஒரு திருத்தம். ஆயிரம் என்ற எண்ணைப் பிரம்பனானோடு மட்டும் சேர்த்து எழுதிவிட்டேன். கதையின் ஆயிரம் அருகிலுள்ள சேவு என்ற பௌத்த வளாகத்தையும் சேர்த்துச் சுட்டுவது. ‘சேவு’ என்றாலே ஜாவா மொழியில் ஆயிரம்தான். எண்ணிப் பார்த்தால் அங்கே இருப்பவை 249. பூதங்கள் கணக்கில் அவ்வளவு தேர்ந்தவை அல்ல போலும்.

2023 பிப்ரவரி 15

மூன்று நாள்களாக என் விடையே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. எனக்குச் சாதகமான உதாரணங்களை மட்டும் பொறுக்கி எடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதிர்ப்பக்கத்தில் மறுக்கவே முடியாத ஒரு சான்று மெக்ஸிகோ நகரத்தின் நடுவில் கிடக்கிறது.

1978 பிப்ரவரி 21 அன்று மின்வாரியத் தொழிலாளர்கள் தெருவைத் தோண்டியபோது மூன்று மீட்டருக்கும் மேல் குறுக்களவு கொண்ட வட்டக்கல் ஒன்று தட்டுப்பட்டது. தலையும் கைகால்களும் துண்டிக்கப்பட்ட ஒரு பெண் தெய்வம் அதில் செதுக்கப்பட்டிருந்தது. அவள் கொயோல்ஷாவ்கி. ஆஸ்டெக் மக்களின் கதைப்படி, கோவாடெபெக் என்னும் பாம்புமலையின் உச்சியில் தன் தாயைக் கொல்ல வந்தவள் அவள். அந்தக் கணத்தில் தாயின் வயிற்றிலிருந்து முழு ஆயுதத்தோடு பிறந்த ஊயிட்சிலோபொச்ட்லி அவளை வெட்டி மலையடிவாரத்துக்கு உருட்டிவிட்டான்.

இப்போது கட்டடத்தைப் பாருங்கள். டெம்ப்ளோ மயோர் என்ற அந்த இரட்டைக் கோயிலின் தெற்குப் பாதி ஊயிட்சிலோபொச்ட்லிக்கு உரியது. கோயிலின் அடியில் பாம்புத் தலைகள் இருப்பதால் அது பாம்புமலை. உச்சியில் அவன் சந்நிதி, சரியாக அவன் பக்கத்துப் படிக்கட்டின் அடியில் அவள் கிடக்கும் கல். பலியிடப்பட்டவர்களின் உடல்கள் அந்தப் படிகளின் வழியே உருண்டு அவள்மேல் விழுந்தன. கதையில் எது மேலே, எது கீழே, எது எந்த வழியாக விழ வேண்டும் என்பதெல்லாம் கட்டடத்தின் வரைபடமாகவே இருக்கிறது. அந்தக் கல்லைப் பத்தடி தள்ளிப் போட்டிருந்தால் கதை பொய்யாகியிருக்கும்.

பிப்ரவரி 11 அன்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

2023 பிப்ரவரி 16

கேள்வி கேட்டவர் பிரித்தறியும் வழியைக் கேட்டார். நான் உதாரணங்களைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்றைய குறிப்பின் கடைசி வாக்கியங்களிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. கதைக்காகக் கட்டடம் எந்த இடத்தில் வளைந்துகொடுத்தது என்று தேட வேண்டும். செலவு, இடைஞ்சல், கோணல், வேண்டாத வேலை, இவற்றில் ஏதாவது ஒன்றைக் கட்டியவர் கதையின் பொருட்டு ஏற்றுக்கொண்டிருந்தால், கதை அவர் மனத்தில் இருந்தது. அப்படி எதுவும் இல்லாமல் கதை மேற்பூச்சாக மட்டும் இருந்தால் அது பிறகு வந்திருக்கலாம்.

நான் கேலி செய்த எரெக்தியோனே இதில் முதலில் தேறுகிறது. கிரேக்கக் கோயில் என்றால் நாற்புறமும் சமச்சீரான செவ்வகம் என்பது பள்ளிப் பாடம். எரெக்தியோனோ ஒரு பக்கத்து மண்டபம் மறுபக்கத்தோடு ஒவ்வாமல், தரைமட்டத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் ஏற்றத்தாழ்வோடு, அவசரத்தில் ஒட்டியதுபோல நிற்கிறது. ஏதென்ஸ் யாருக்கு உரியது என்று ஏதெனாவும் போசைடனும் போட்டியிட்ட இடம் அதுதான் என்று நம்பினார்கள். அவள் ஒலிவ மரத்தை முளைக்கச் செய்தாள். அவன் சூலத்தால் பாறையைக் குத்தி உப்புநீரை வரவழைத்தான். மரம் நின்ற இடம், நீர் ஊறிய இடம், பழைய அரசனின் கல்லறை என்று எதையும் நகர்த்த முடியாது. ஆகவே கட்டடம்தான் நகர்ந்துகொடுத்தது.

அதிலும் வடக்கு மண்டபத்தில் சூலம் பாய்ந்ததாகச் சொல்லப்படும் பாறைத் தழும்பு தெரியும்படி தரையில் ஒரு திறப்பு விட்டார்கள். அத்தோடு நில்லாமல், அதற்கு நேர் மேலே கூரையிலும் ஒரு திறப்பை விட்டார்கள். வானத்திலிருந்து வந்த அடி, வானத்தைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். கூரையில் வேண்டுமென்றே ஓட்டை விட எந்தக் கட்டடப் பொறியாளரும் எளிதில் உடன்பட மாட்டார். நான் அந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

2023 பிப்ரவரி 19

என் சோதனையை என் வேலைக்கே பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தோற்றுப்போகும். எப்படி என்பதை எழுதிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பொது அரங்கத்துக்குக் கட்டமைப்புக் கணக்குப் போட்டுக்கொடுத்தேன். பாற்கடல் கடைந்த கதைதான் அந்த அரங்கத்தின் கருத்து என்று கட்டுவித்தவர்கள் சொன்னார்கள். முதல் வரைபடத்தில் நடுவில் ஒரே ஒரு பருத்த தூண் இருந்தது. அதுதான் மத்து, மந்தர மலை. அதிலிருந்து கூரையின் விட்டங்கள் கயிறுபோல முறுக்கிக்கொண்டு இருபுறச் சுவர்களுக்கும் செல்லும். எல்லாப் பாரமும் ஆமையின் முதுகில் இறங்குவதுபோல நடுத்தூணின் அடித்தளத்தில் இறங்கும். நான் என் வாழ்க்கையில் போட்ட கணக்குகளிலேயே மகிழ்ச்சியோடு போட்டது அதுதான்.

பிறகு நடுத்தூண் மேடையை மறைக்கிறது என்றார்கள். உண்மைதான், மறைத்தது. தூணை எடுத்தோம். தூண் போனதும் முறுக்கிய விட்டங்களுக்கு வேலையில்லை என்பதால் வழக்கமான நேர் விட்டங்கள் வந்தன. கடைசியில் கதைக்கு மிஞ்சியது, கைப்பிடிச் சுவரைச் சுற்றி ஒட்டிய ஃபைபர் பாம்பு ஒன்று. அதன் வாய் வழியாக மழைநீர் விழட்டும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். வாயின் விட்டத்தை நான் சரிபார்க்கவில்லை. அது என் வேலை இல்லை என்று நினைத்தேன். முதல் பெருமழையில் பாம்பால் அவ்வளவு நீரைத் துப்ப முடியவில்லை. மொட்டை மாடியில் நீர் தேங்கி அரங்கத்துக்குள் ஒழுகியது. கடலைக் கடைவதற்குப் பதில் கடலை உள்ளே விட்டுவிட்டோம்.

அந்தத் தூணை எடுக்கும்போது நான் ஒரு சொல்கூட மறுத்துப் பேசவில்லை என்பது இன்றும் நினைவிருக்கிறது.

2023 பிப்ரவரி 20

பாம்பு வாய்க்கு முன்னோர் உண்டு. பிரான்ஸின் ரூவான் நகரத்து ஆயர் ரொமானுஸ் ஒரு நீர்ப்பாம்பரசனை அடக்கினாராம். உடலை எரித்தபோது நெருப்பையே கக்கிப் பழகிய தலையும் கழுத்தும் மட்டும் எரியவில்லையாம். அவற்றைச் சுவரில் மாட்டினார்களாம். அதிலிருந்துதான் ஐரோப்பியத் தேவாலயங்களின் விகார முக நீர்த்தூம்புகள் வந்தனவாம். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்கக் கோயில்களின் கூரை ஓரத்தில் சிங்க முகங்கள் மழைநீரைத் துப்பிக்கொண்டிருந்தன. சுவரை நனைக்காமல் நீரைத் தூர எறிய வேண்டும் என்ற தேவை முதலில் வந்தது, பாம்பு பிறகு வந்தது. அந்தத் தூம்புகள் நன்றாகவே வேலை செய்தன என்பதைக் கொஞ்சம் பொறாமையோடு குறித்துவைக்கிறேன்.

2023 பிப்ரவரி 26

அங்கோர் வாட் இந்தச் சோதனையில் எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். ஐந்து கோபுரங்கள் மேருவின் சிகரங்கள், சுற்றியுள்ள அகழி பெருங்கடல் என்பது எல்லோரும் சொல்வது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூர்யவர்மன் கட்டிய அந்தக் கோயிலின் அகழி ஏறத்தாழ 190 மீட்டர் அகலமுள்ளது. பாதுகாப்புக்காக வெட்டும் அகழிக்கு அவ்வளவு அகலம் தேவையே இல்லை. ஓர் ஆள் கரையில் நின்றால் எதிரே தெரிவது நீர்ப்பரப்பாக இருக்க வேண்டும், கால்வாயாக அல்ல என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அங்கே நின்றபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது. கோயில் நீருக்கு அப்பால் எங்கோ தொலைவில் இருந்தது.

பொறியாளர்களுக்கு இதில் இன்னொரு சுவை உண்டு. கோயில் ஈரமான மணல் நிலத்தின்மேல் நிற்கிறது. நிலத்தடி நீர்மட்டம் ஏறி இறங்கினால் அத்தகைய நிலம் தளரும், கனமான கட்டடம் அமிழும். அகழியில் ஆண்டு முழுவதும் நிற்கும் நீர் அந்த மட்டத்தைச் சீராக வைத்திருக்க உதவுகிறது. கதையின் கடல் மலையின் அடிவாரத்தைக் காக்கிறது.

2023 பிப்ரவரி 27

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், அப்படியானால் அடித்தளத்துக்காகத்தான் அகழி வெட்டினார்கள், கதை சாக்கு என்று முடிவு கட்டியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. பயன் இருக்கிறது என்பதிலிருந்து அதுவே நோக்கம் என்று ஆகாது. ஆனால் அவர் என் சோதனையின் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். கதை கேட்பதும் கட்டடம் கேட்பதும் ஒன்றாக இருக்கும் இடத்தில் என் சோதனை ஊமையாகிவிடும்.

அங்கோர் தோம் நகர வாயில்களில் இந்தச் சிக்கல் இல்லை. அகழியைக் கடக்கும் ஒவ்வொரு பாதையிலும் ஒருபுறம் 54 தேவர்கள், மறுபுறம் 54 அசுரர்கள், கையில் நாகத்தின் உடல். பாலத்துக்குக் கைப்பிடி போதும். 108 ஆள்கள் தேவையில்லை.

2023 மார்ச் 5

கொனாரக்கைப் பற்றி நான் இதுவரை வாய் திறக்காததற்குக் காரணம், அது என் சோதனையைத் தலைகீழாக்குகிறது.

சூரியனின் தேருக்குச் சக்கரம் எத்தனை? ஒன்று. ரிக் வேதத்திலேயே ஒற்றைச் சக்கரத் தேரை எழுவர் பூட்டுகிறார்கள் என்று வருகிறது. புராணங்களும் அதையே சொல்கின்றன. தமிழிலும் ‘ஒற்றையாழித் தேர்’ என்றால் அது கதிரவனுடையதுதான். கொனாரக்கில் 13ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மதேவன் கட்டிய கோயிலுக்கோ சக்கரங்கள் 24, குதிரைகள் ஏழு. குதிரைகளில் கதையைக் காப்பாற்றியவர்கள் சக்கரத்தில் மட்டும் ஏன் மீறினார்கள்?

நான் அங்கே போனபோது, இரண்டு பக்கமும் நடந்து ஒவ்வொரு சக்கரமாக எண்ணிக்கொண்டே யோசித்தேன். ஒற்றைச் சக்கரத்தின்மேல் நிற்கும் தேரைச் சொல்லில் ஓட்டலாம். கல்லில் நிறுத்த முடியாது. தாங்குவது எது என்று கண் தேடும். கட்டடம் நெடுக நீண்டிருக்கிறது, அதன் அடிப்பீடம் முழுவதும் தாங்குகிறது, ஆகவே அடிப்பீடம் முழுவதும் சக்கரம் வேண்டும். ஒரு சக்கரம் ஓராண்டைக் குறித்தது என்றால், பன்னிரண்டு இணைச் சக்கரங்கள் அந்த ஆண்டின் மாதங்களாகப் பிரிந்துகொண்டன என்று பொருள் சொல்கிறார்கள். இங்கே கட்டடத்துக்காகக் கதை வளைந்துகொடுத்திருக்கிறது. வளைந்தாலும் முறியவில்லை. இன்று சூரியனின் தேர் என்றதும் பலருக்கும் அந்த 24 சக்கரங்களில் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது.

இதற்கு முந்தைய நூற்றாண்டில் தாராசுரத்தில் இரண்டாம் ராசராசன் காலத்துச் சிற்பிகள் மண்டபத்தைத் தேராக்கியபோது இன்னும் சிக்கனமாக நடந்துகொண்டார்கள். சக்கரமும் பாயும் குதிரையும் படிக்கட்டின் அருகே வருகின்றன. ஏறுகிற இடத்தில் மட்டும் அது தேர். உள்ளே போனால் மண்டபம். அந்த அடக்கம் எனக்குக் கொனாரக்கைவிடப் பிடிக்கும். இது சுவை பற்றிய பேச்சு, வாதம் அல்ல.

2023 மார்ச் 6

கொனாரக் உச்சியில் காந்தக்கல் இருந்து கப்பல்களை இழுத்தது என்ற கதையையும், தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்ற கதையையும் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். தஞ்சையில் நிழல் விழுகிறது. மாலையில் அதில் உட்கார்ந்து இளைப்பாறியிருக்கிறேன். ராசராசன் அந்தக் கோயிலைத் ‘தட்சிணமேரு’ என்று கருதினான் என்பது கல்வெட்டு வழி நமக்குக் கிடைத்திருக்கும்போது, நிழலைப் பற்றிய பொய் எதற்கு?

2023 மார்ச் 18

நடுவில் வேலை மிகுதி. ஆனால் ஒரு வகைக் கதை மட்டும் மனத்தைவிட்டு அகலவில்லை. கட்டியவர்களைப் பற்றிய கதைகள்.

கொனாரக்கில் 1200 சிற்பிகள் 12 ஆண்டுகள் உழைத்தும் உச்சிக்கல் பொருந்தவில்லை. தலைமைச் சிற்பியைத் தேடி வந்த அவருடைய 12 வயது மகன் தர்மபதன் அதைப் பொருத்திவிடுகிறான். சிறுவன் செய்ததை 1200 பேரால் செய்ய முடியவில்லை என்று அரசன் அறிந்தால் அவர்கள் உயிர் தப்பாது என்பதால் அவன் கடலில் குதித்துவிடுகிறான். ருமேனியாவில் அர்ஜெஷ் மடாலயத்தின் கதையில், பகலில் எழுப்பிய சுவர் இரவில் விழுந்துகொண்டே இருக்க, கொத்தனார் மனோலே தன் மனைவியையே சுவருக்குள் வைத்துக் கட்டுகிறான். அல்பேனியாவின் ரொஸாஃபா கோட்டையிலும் அதே கதை. அங்கே சுவருக்குள் நின்ற தாய், குழந்தைக்குப் பாலூட்ட ஒரு மார்பை மூடாமல் விடச் சொல்கிறாள்.

தொலைதூர ஊர்களில் ஏன் ஒரே கதை? ஆய்வாளர்கள் வேறு காரணங்கள் சொல்லலாம். கட்டுமானக் களத்தில் இருந்தவனுக்கு ஒன்று தெரியும். பகலில் கட்டிய சுவர் இரவில் விழும். அடிமண் அமிழ்ந்தால் விழும். சாந்து இறுகும் முன் மேல்வரிசை ஏற்றினால் விழும். விழுந்த சுவருக்கு முன்னால் விடியற்காலையில் நின்றிருக்கிறேன். அதற்கு என்ன காரணம் என்று தெரியாத ஒரு காலத்தில், இந்தச் சுவர் யாரையோ கேட்கிறது என்று ஒருவனுக்குத் தோன்றுவதில் எனக்கு வியப்பில்லை. அந்தக் கதைகளைப் பார்வையாளர்கள் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சாரத்தின்மேல் நின்றவர்கள் சொன்னவை அவை.

அப்படியானால் கதை கல்லுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வேலை நடக்கும்போதே பிறக்கிறது.

2023 மார்ச் 19

மனை நூல்களை, அதாவது வாஸ்து சாத்திரங்களை, மறந்துவிட்டேன் என்று கடிந்துகொண்டவருக்கு: சரிதான். மனைப் புருடனை (வாஸ்து புருஷனை) தேவர்கள் தரையோடு அழுத்தி, 45 தெய்வங்கள் ஆளுக்கோர் உறுப்பின்மேல் அமர்ந்தார்கள் என்ற கதை, 64 அல்லது 81 கட்டங்களாக மனையைப் பிரிக்கும் வரைபடமாகவே ஆகிவிடுகிறது. அவன் உடலின் மர்மத் தானங்களில் தூணோ சுவரோ வரக் கூடாது. என் சோதனை கேட்பது அதைத்தான். தூண் தனக்கு வசதியான இடத்தைவிட்டு, படுத்திருக்கும் ஓர் உடலுக்காக ஒரு சாண் விலகி நிற்கிறது.

2023 ஏப்ரல் 2

கேள்வி கேட்டவர் இறுதி விடை வேண்டும் என்கிறார். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

8ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்த கோயில் அது. அதைப் பற்றிப் பின்னாளில் எழுந்த மராத்திக் கதையில், உச்சியைக் கண்ணால் காணும்வரை உண்பதில்லை என்று அரசி நோன்பு பூணுகிறாள். கோயில் முடிய ஆண்டுகள் ஆகுமே என்று எல்லோரும் கலங்க, கோகாசன் என்ற சிற்பி மட்டும் ஒரு வாரத்தில் காட்டுகிறேன் என்கிறான், உச்சியிலிருந்து தொடங்கிவிடுகிறான். தொழில்நுட்பத்தைப் பார்த்து வியந்த யாரோ புனைந்த கதை என்பதில் ஐயமில்லை. கல் முந்தியது.

அதே கோயிலின் தெற்குப் பக்கத்தில், கட்டடத்தின் அடியில், இராவணன் இருபது கைகளாலும் கைலாயத்தைப் பெயர்க்க முயன்றுகொண்டிருக்கிறான். அவன் பெயர்க்கப் பார்க்கும் மலை வேறெங்கோ செதுக்கப்பட்ட மலை அல்ல. அவன் தலைக்கு மேலே நிற்கும் கோயிலேதான். கோயிலை மலை என்று முன்கூட்டியே எண்ணாதவர்கள் அவனை அங்கே வைத்திருக்க மாட்டார்கள். கதை முந்தியது.

மூன்றாவதாக ஒன்று. கிருஷ்ணனுக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே குடியில் வந்த கர்க்கனின் பரோடாச் செப்பேடு இந்தக் கோயிலைப் பற்றிப் பேசுகிறது. விண்ணில் செல்லும் தேவர்கள் அதைக் கண்டு, இது மனிதர் செய்ததாக இருக்க முடியாது, தானே தோன்றியது என்று வியந்தார்களாம். அதோடு விடவில்லை. கட்டிய சிற்பியே அண்ணாந்து பார்த்து, இதை நான் எப்படிச் செய்தேன் என்று திகைத்து நின்றானாம். உளி ஓசையைக் கேட்டவர்கள் சிலர் உயிரோடு இருந்திருக்கக்கூடிய காலத்தில் எழுதிய வரி அது. அந்தச் சிற்பி கட்டியவர் பக்கமா, கதை சொன்னவர் பக்கமா என்று கேட்டால் என்னால் பிரிக்க முடியவில்லை.